இரண்டு காதுக்கும் ஒரே அளவு

ஷெரிலுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று ஈக்காட்டுத்தாங்கல் ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். பன்னிரண்டு வருஷமாக அடுத்தவர் எழுதிய நிரலை டெஸ்ட் பண்ணிப் பிழை பிடிப்பதுதான் அவள் வேலை. கோபம் வராமல் வேறென்ன வரும்? ஆனால் அந்தத் திங்கட்கிழமை காலை ஸ்ரீநாத்தின் மேஜைக்கு அவள் வந்த வேகத்தைப் பார்த்து, காபி எடுக்கப் போனவர்கள்கூட நின்றுவிட்டார்கள்.

"இங்க பாருடா!"

காது மெஷின் போட்டிருப்பவர்கள் போனிலேயே சத்தத்தைக் கூட்டிக் குறைக்க அந்த ஆபீஸ் செய்துகொடுத்த பக்கம் திரையில் இருந்தது. வலது காதுக்கு ஒரு நகர்த்தும் பட்டி, இடது காதுக்கு ஒரு பட்டி. ஸ்ரீநாத் எழுதிய ஒரே நிரல்துண்டை, அந்தப் பிளகினை, இரண்டு தடவை போட்டிருந்தார்கள். ஷெரில் வலதை இருபதில் வைத்தாள். இடதை எழுபதுக்குத் தள்ளினாள். திரையில் இருபதும் எழுபதும் சமர்த்தாக நின்றன. மெஷினுக்குப் போனதோ, இரண்டு காதுக்கும் எழுபது!

ஸ்ரீநாத் ஃபைலைத் திறந்தான். அளவைக் குறித்துவைக்கும் ஆப்ஜெக்ட், ஃபங்ஷனுக்கு வெளியே, ஃபைலின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தது. பிளகினை எத்தனை தடவை போட்டாலும் அத்தனைக்கும் அது ஒன்றுதான். கடைசியாக நகர்ந்த பட்டி எதுவோ, அதன் அளவே எல்லாவற்றுக்கும்.

"ரெண்டு பேருக்கு ஒரே மூக்குக்கண்ணாடி மாட்டிவிடுவியா நீ? ஃபங்ஷனுக்குள்ள வெச்சிருந்தா ஆளுக்கொண்ணு கெடைச்சிருக்குமே!"

"ஒண்ணொண்ணா டெஸ்ட் பண்ணப்போ சரியாத்தானேக்கா இருந்துச்சு..."

அவளுக்குச் சுருக்கென்றது. டெஸ்ட் பண்ணியது யார்? அவளேதான். அவள் தாளில் 'வலது: சரி, இடது: சரி' என்று இருந்தது. இரண்டையும் சேர்த்து நகர்த்திப் பார்த்ததாக ஒரு வரிகூட இல்லை.

இதே பக்கத்தை வைத்துத்தான் சாந்தோம் வீட்டில் அவள் அப்பா அகஸ்டின் இரண்டு மாதமாக அல்லாடினார். அவருக்கு இடது காது பாதி போய்விட்டது. வலதில் கொஞ்சம்தான் மந்தம்; அதுதான் அவருக்கு நல்ல காது. "நல்ல காதுல ஆணி அடிக்குது. வலதைக் குறைச்சா இடது செத்துப்போவுது" என்று தினமும் சொன்னார். கிளினிக்கில் திரையைப் பார்த்து, அளவு சரியாக இருக்கிறது, எல்லாம் மனசுதான் என்றார்கள். ஷெரிலும் "பழகிடும் டாடி" என்றாள். அவர் மெஷினை மேஜை டிராயரில் போட்டுவிட்டார். முப்பது வருஷம் பாடிய கோயில் பாடகர் குழுவுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். நேற்றுப் பூசையில் அவர் இடம் காலியாக இருந்ததைப் பார்த்துவிட்டு வந்துதான், அந்த வலது மெஷினைத் தன் காதில் வைத்துப் பார்த்தாள் மகள். அலறிவிட்டாள்.

ஸ்ரீநாத் ஆப்ஜெக்டை ஃபங்ஷனுக்குள் கொண்டுபோனான். மூன்று வரி, பத்து நிமிஷம். இதற்கா இரண்டு மாதம் ஒரு மனுஷனைப் பைத்தியமாக்கினோம்!

மேனேஜர் ஜெயராம், மெஷின் போட்டிருக்கும் எல்லோருக்கும் அனுப்ப அறிவிப்பு எழுதியிருந்தார்: 'சிறு மேம்பாடுகள் செய்யப்பட்டுள்ளன.'

"இது சிறு மேம்பாடா சார்? உண்மையை எழுதாம நான் ஓகே போடமாட்டேன்."

"கம்பெனி பேர் கெட்டுடும் ஷெரில்."

"கெடட்டும்! என் பேரையும் சேத்துப் போடுங்க. கோட்டை விட்டது நானும்தான்."

ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினாள். மதியம் அவள் எழுதிய அறிவிப்பு போனது: 'இரண்டு காதுகளின் அளவுகளும் கலந்துவிட்டன. தவறு எங்கள் பக்கத்தில்தான், உங்கள் காதில் இல்லை.'

சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது, அப்பா இரண்டு காதிலும் மெஷினோடு, அந்த அறிவிப்பைத் திறந்த போனோடு நின்றிருந்தார்.

"யாரு எழுதுனது இது?"

"நான்தான் டாடி. டெஸ்ட்ல பாக்காம விட்டதும் நான்தான்."

"ரெண்டு மாசம்!" அவர் வெடித்தார். "தொண்டை கிழிய சொன்னேனே! பழகிடும், பழகிடும்னு என்னைக் கிறுக்கனாக்கிட்டீங்களே எல்லாருமா சேந்து! பெத்த பொண்ணு, நீயுமா?"

அவரிடம் எதைச் சொன்னாலும் உரக்கச் சொல்லியே பழகிய வாய் ஷெரிலுக்கு. "மன்னிச்சிடுங்க டாடி!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

"கத்தாதே," என்றார் அகஸ்டின். "கேக்குது."