இடப்பக்க ஆசனத்தின் ஈரம்

இது நடந்தது. சுவைக்காக நான் ஒரு சொல்லையும் கூட்டவில்லை. என்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காக ஒரு சொல்லையும் குறைக்கவில்லை. முப்பத்தோராண்டுகள் ஆசிரியையாக இருந்தவள் நான். எதையும் நேரத்தோடு குறித்துவைப்பது என் வழக்கம். கீழே வரும் நேரங்கள் யாவும் என் நாட்குறிப்பில் உள்ளவை. பேயைப் பற்றி எழுத எனக்கு வெட்கமில்லை. என்னைப் பற்றி எழுதத்தான் வெட்கமாக இருக்கிறது.

2024 பெப்ரவரி 6, செவ்வாய்க்கிழமை. செவ்வாய்தோறும் வெள்ளவத்தையிலிருந்து கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு நானே காரோட்டிச் செல்வேன். அன்று மாலை 6.18க்கு, எங்கள் ஒழுங்கை, கடலோர வீதியான மரைன் டிரைவில் ஏறும் இடத்தில், வாகனங்கள் விலகுவதற்காகக் காத்திருந்தேன். கடற்பக்கமிருந்து ஒரு பெண் வீதியைக் கடந்து வந்து இடப்பக்கக் கண்ணாடியில் தட்டினாள். முப்பது வயதிருக்கலாம். தலைமயிரிலிருந்து தண்ணீர் ஒழுகியது. சேலை உடம்போடு ஒட்டியிருந்தது. கண்ணாடியைப் பாதிவரை இறக்கினேன்.

“அம்மா, கொட்டாஞ்சேனைக்குப் போகணும். பாப்பா தனியா இருக்கா.”

கொச்சிக்கடையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் ஆசனங்களுக்கு முதல் நாள்தான் புதிய உறை போட்டிருந்தேன்.

“ஈரத்தோடை ஏற ஏலாது. போய் உடுப்பை மாத்திக்கொண்டு பஸ்ஸிலை போம்.”

கண்ணாடியை ஏற்றினேன். அவளுடைய விரல்கள் விளிம்பை விட்டு விலகும்வரைகூடக் காத்திருக்கவில்லை.

இரண்டு வாரமாகக் கொழும்பில் மழையே இல்லை என்பது கோயிலில் முழந்தாளிட்டிருந்தபோதுதான் நினைவுக்கு வந்தது. கடலில் குளித்திருப்பாள் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த செவ்வாய், 13ஆம் திகதி. அதே இடத்தை 6.18க்குக் கடந்தேன். கொள்ளுப்பிட்டியை அணுகும்போது முன்கண்ணாடியின் இடப்பாதி உட்புறமாக மங்கியது. எங்கோ சொட்டும் ஒலி கேட்டது. கோயிலடியில் நிறுத்திப் பார்த்தேன். இடப்பக்க ஆசனத்தின் கீழிருந்த விரிப்பு, பிழிந்தால் வடியும் அளவுக்கு நனைந்திருந்தது.

மறுநாள் காரைக் கொட்டாஞ்சேனையில் கராஜ் வைத்திருக்கும் பிறெடியிடம் விட்டேன். பதினெட்டு ஆண்டுகளாக என் கார்களைப் பார்ப்பவர் அவர். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ற் ஒரு விரலளவு குறைந்திருந்தது. இரவு எஞ்சினுக்குக் கீழே சுத்தமான அட்டையொன்றை விரித்து வைத்தார். காலையில் அதில் பச்சைக் கறை. றேடியேற்றரின் வாயில் கைப்பம்பைப் பொருத்தி அழுத்தம் கொடுத்தபோது கீழ்க்குழாயை இறுக்கும் பூட்டடியில் துளிகள் முளைத்தன. குழாயையும் பூட்டையும் மாற்றினார். கூலன்ற் என்றால் நாக்கில் இனிக்கும், பழைய ஆட்கள் அப்படித்தான் கண்டுபிடிப்பார்கள் என்று கதையோடு கதையாகச் சொன்னார்.

நான் மகிழ்ந்தேன். காரணத்தையும் எழுதியாக வேண்டும். அந்த ஈரம் காரினுடையது என்றால், அந்தப் பெண் வெறும் ஒரு பெண். பஸ்ஸில் ஏறிப் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்திருப்பாள். என் நிம்மதி முழுவதும் அந்த ஒரு குழாயில் தங்கியிருந்தது.

ஆனால் பிறெடி தலையைச் சொறிந்தார். இது முன்பக்க ஒழுக்கு, உள்ளே வர வழியில்லை என்றார். அப்படியானால் உள்ளே வரும் ஒழுக்கைக் கண்டுபிடியும் என்று கட்டளையிட்டேன்.

“மிஸ், எஞ்சின் என்ன ஓ லெவல் வகுப்புப் பிள்ளையே, வெருட்டினவுடனை விடை சொல்ல?”

சிரித்துக்கொண்டே மீண்டும் குனிந்தார். கொழும்பில் எவரும் காரின் ஹீற்றரைப் போடுவதில்லை. ஆயினும் கூலன்ற் அதனூடாக ஓடிக்கொண்டேயிருக்கும், அது முகப்புப் பலகைக்குள்ளே ஒழுகினால் விரிப்பு நனையும் என்று விளக்கினார். ஹீற்றருக்குப் போகும் இரண்டு குழாய்களையும் கழற்றி, ஒரே குழாயால் வெளியிலேயே இணைத்துவிட்டார். இனி ஒரு சொட்டுக் கூலன்றும் உள்ளே வராது என்றார்.

20ஆம் திகதி, 6.18. விரிப்பு மீண்டும் நனைந்தது. இம்முறை ஆசனமும் நனைந்திருந்தது. கோயிலுக்குப் போகாமல் நேரே கராஜுக்குப் போனேன். பிறெடி மீண்டும் பம்பால் அழுத்தம் கொடுத்து அரை மணி நேரம் விட்டார். அழுத்தம் காட்டும் முள் அசையவில்லை. அட்டை உலர்ந்தே கிடந்தது. அவருடைய வாடிக்கையாளர் நால்வரின் முன்னிலையில், உமது வேலையில் கவனமில்லை என்று சொன்னேன். அவரில் பிழையில்லை என்பதை அறிந்தே சொன்னேன்.

அவர் அட்டையை மடித்து வைத்தார். வரும் செவ்வாய் தானும் கூடவே வருவதாக மட்டும் சொன்னார்.

27ஆம் திகதி. பிறெடி பின்னாசனத்தில், கையில் ரோர்ச் விளக்குடன் இருந்தார். அந்தப் பெண்ணைப் பற்றி அவரிடம் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.

6.17. ஒழுங்கை முனை. கடலுக்கு மேலே சூரியன் தாழ்ந்திருந்தது. வீதி உலர்ந்திருந்தது.

6.18.

டிங்...

இடப்பக்கத்தில் ஆள் இருந்து, ஆசனப்பட்டியைப் பூட்டாவிட்டால் எழும் ஒலி அது. முகப்புப் பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது.

ஆசனத்தில் எவரும் இல்லை.

டிங்... டிங்...

உறை மெல்ல அமுங்கியது. சாயும் பகுதியில் ஈரம் தோன்றியது. அங்கிருந்து கீழே இறங்கியது.

சொட்... சொட்...

பிறெடி பின்னாலிருந்து கையை நீட்டினார். விரிப்பைத் தொட்டார். விரலை நாக்கில் வைத்தார்.

“உப்பு, மிஸ்.”

என் கால் பிரேக்கைத் தேடியது.

“நிப்பாட்டாதேங்கோ. கொட்டாஞ்சேனைக்கு விடுங்கோ.”

கராஜ் அங்கே இருப்பதால் சொன்னாரா, வேறு காரணமா... இன்றுவரை நான் கேட்கவில்லை.

விட்டேன். இடப்பக்கம் திரும்பவில்லை. குளிர் மட்டும் என் இடக்கையில் பட்டுக்கொண்டிருந்தது.

7.05. கராஜுக்குப் போகும் வழியில், கொட்டாஞ்சேனையில் ஓர் ஒடுங்கிய சந்து. சாவீட்டுக்காகக் குறுக்கே கட்டிய வெள்ளைக் கொடிகள் அழுக்கேறித் தொங்கின.

ஒலி நின்றது.

கதவு திறக்கவில்லை. விளக்கு அணைந்தது. ஆசனம் மெல்ல மேலெழுந்தது.

மறுநாள் காலை பிறெடியோடு அந்தச் சந்துக்குப் போனேன். சாவீட்டுக்கு அயலவளான றுஷ்னா என்ற பெண் எங்களோடு பேசினாள். அவளுடைய மடியில் நான்கு வயதுச் சிறுமி தூங்கிக்கொண்டிருந்தாள். சிறுமியின் தாயின் பெயர் வெள்ளையம்மா. வெள்ளவத்தையில் மாடிவீடொன்றில் வேலை செய்தவள். தகப்பன் இல்லை. மூன்று வாரத்துக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை, வேலை முடிந்து கடலோரமாக நடந்து வந்தபோது அலை இழுத்துவிட்டது.

எத்தனை மணிக்கு என்று கேட்டேன். நான் ஏற்ற மறுத்ததால் திரும்பிப் போய்க் கடலில் விழுந்தாளோ என்பதே என் அச்சம்.

நாலரைக்குக் கரையில் எடுத்தார்கள் என்றாள் றுஷ்னா. ஐந்து மணிக்கு வைத்தியசாலையில் இறப்பை உறுதிசெய்தார்கள். ஐந்தே காலுக்குத் தானே போய் அடையாளம் காட்டியதாகவும் சொன்னாள்.

என் கண்ணாடியில் அவள் தட்டியது 6.18க்கு.

திரும்பும் வழியில் பிறெடியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவரிடம் மன்னிப்பும் கேட்டேன்.

“அப்ப மிஸ்ஸிலை என்ன பிழை? அவ அதுக்கு முந்தியே மோசம் போயிட்டா.”

ஆறுதலுக்காகச் சொன்னார். ஏற்க முடியவில்லை. அவள் இறந்தவள் என்பது அந்த மாலையில் எனக்குத் தெரியாது. உயிரோடு நிற்கும் ஒரு தாய் என்று நினைத்தே நான் கண்ணாடியை ஏற்றினேன்.