காலிக் கூண்டுக்கு வெயில்

எனக்கு மேல்மாடியில் இருக்கும் ஹார்ம் தாமன் வீட்டுக்குள் கஞ்சா வளர்க்கிறாராம். இதை எனக்குச் சொன்னது அவருக்கும் மேல்மாடியில் இருக்கும் கூக் அம்மா. அவருக்குச் சொன்னது மீட்டர் பார்க்க வந்த ஆள்.

"விடியறதுக்கு முன்னாடியே உள்ளே வெள்ளை வெளிச்சமாம். இலை இலையா ஏதோ நிக்குதாம். புகை வேற வருதாம்" என்றார் கூக் அம்மா, மாடிப்படி முனையில் குப்பைப் பையோடு நின்றுகொண்டு. "அந்த ஆள் வாயத் திறந்து பேசறதே இல்ல. பேசாதவங்க வீட்டுலதான் இதெல்லாம் நடக்கும்."

போலீஸ் வந்தால் கீழ்வீட்டு வெளிநாட்டுக்காரனைத்தான் முதலில் கேட்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பிரேமர்ஹாஃபன் துறைமுக நகரத்தில் இத்தனை வருடம் இருந்தும், வாசல் மணி அடித்தால் விசாக் காகிதம் எங்கே இருக்கிறது என்று மனம் தேடுகிற ஆள் நான். கடைசியில் பயம் தாங்காமல் நானே மேலே போய்க் கதவைத் தட்டினேன்.

ஹார்ம் ஒன்றும் கேட்காமல் உள்ளே விட்டார். கூடத்தில் அலமாரி உயரத்துக்கு ஒரு கூண்டு. மரச்சட்டம், முன்பக்கமும் மேல்பக்கமும் கம்பிவலை. உள்ளே ஒரு குட்டை அத்திமரம், அதன்மேல் சுற்றிவிட்ட மணி பிளாண்ட், குறுக்கும் நெடுக்குமாகக் கிளைகள். மேலே ஒரு விளக்கு வெயிலாகக் காய்ந்துகொண்டிருந்தது. ஓரத்துக் குழாயிலிருந்து பனிமூட்டம் மெதுவாக இறங்கியது. நான் குனிந்தும் நிமிர்ந்தும் தேடினேன்.

"எங்கே?"

"எது?"

"உள்ளே இருக்கறது."

"இன்னும் வரல" என்றார் ஹார்ம். "பச்சோந்தி. ஏமன் தேசத்துது. வர்றதுக்கு முன்னாடி வீடு தயாரா இருக்கணும்."

எனக்குத் தெரிந்தவரை பச்சோந்தி என்றால் கட்சி மாறுகிறவன். அதற்கு வீடு கட்டி வெயில் வைத்து மழை பெய்ய வைப்பார்கள் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். கஞ்சா இல்லை என்ற நிம்மதியில் அவர் கொடுத்த தேநீரை இரண்டு முறை வாங்கிக் குடித்தேன். சமையலறையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் சில்வண்டுகள் கத்திக்கொண்டிருந்தன. வராத விருந்தாளிக்கான சாப்பாடு. அவற்றுக்கு ஹார்ம் கேரட் சீவிப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஹார்மைப் பற்றி ஊருக்குத் தெரிந்தது கொஞ்சம். மீன்பிடித் துறைமுகத்துக் குளிர்கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். உறைந்த மீன் அட்டைகளுக்கு நடுவே நாள் முழுக்க. வீட்டுக்கு வரும்போதும் புருவத்தில் ஈரம் மிச்சமிருக்கும். அப்பா ஐஸ்லாந்துப் பக்கம் மீன்கப்பலில் போனவர், மகன் கரையிலேயே அந்தக் குளிரைப் பிடித்துக்கொண்டார். மனைவி இம்கே பிரிந்து ஓஸ்னாப்ரூக்குக்குப் போனபோது சோபாவும் போனது, மகள் யெல்லாவும் போனாள். சோபாவை இவர் கேட்கவில்லை. மகளை, மாதத்தில் இரண்டு சனி ஞாயிறு அனுப்பச் சொன்னார்.

முதலில் வந்தாள். பிறகு ஒருதரம் வயிற்றுவலி, ஒருதரம் தோழியின் பிறந்தநாள், ஒருதரம் ரயில் ரத்து. இலையுதிர் காலத்துக்குப் பிறகு வரவேயில்லை. தொலைபேசியில் இவர், "உனக்கு இங்க என்னம்மா வேணும், சொல்லு" என்று கேட்டிருக்கிறார். பன்னிரண்டு வயதுப் பெண். "பச்சோந்தி இருந்தா வர்றேன்" என்றாளாம். கிடைக்காது, இந்தப் பேச்சு இதோடு முடியட்டும் என்று நினைத்துச் சொன்னாளோ என்னவோ. ஹார்ம் மறுநாளே மரக்கடைக்குப் போய்விட்டார்.

குட்டி இருந்தது கூக்ஸ்ஹாஃபனுக்கு வெளியே, ஓஸ்டர்லோ அம்மாவிடம். கால்நடை மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இப்போது பச்சோந்தி வளர்த்துக் குட்டி விற்கிறார். கடைசியாகப் பொரிந்தவற்றில் அவரிடம் மிஞ்சியது ஒரே ஒரு குட்டி. பணத்தோடு வந்து நிற்பவர்களை அவர் முதலில் திருப்பி அனுப்பிவிடுவார். காலிக் கூண்டு ஒரு வாரம் முழுக்கச் சரியாக ஓட வேண்டும். பகலில் கதகதப்பு, விளக்கடியில் நல்ல வெயில், இரவில் குளிர்ச்சியும் சொட்டச் சொட்ட ஈரமும். அதற்குப் பிறகுதான் குட்டி.

"இது நாய் இல்ல, வலிச்சா கத்தாது" என்று அவர் சொன்னதை ஹார்ம் எனக்கு அப்படியே ஒப்பித்தார். "வாடி அதோட கண்ணு குழி விழுந்தப்புறம்தான் நமக்கே தெரியும். தெரியறப்போ முடிஞ்சிருக்கும்."

யெல்லா வரக்கூடிய ஈஸ்டர் விடுமுறை நெருங்கிக்கொண்டிருந்தது. குட்டிக்கு இன்னொருவரும் காத்திருந்தார். ஓஸ்டர்லோ அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை வரை கெடு கொடுத்திருந்தார்.

கூண்டில் சூடும் ஈரமும் நிற்கவில்லை. காலையில் விளக்கு எரிந்து சூடு ஏறத் தொடங்கும். ஹார்ம் பல் துலக்கிவிட்டு வந்து பார்த்தால் விழுந்திருக்கும். சாயங்காலம் பனிமூட்டம் நிரம்பும். அவர் ரொட்டியில் மீனை வைத்துத் தின்று முடிப்பதற்குள் உள்ளே காய்ந்திருக்கும். சூட்டையும் ஈரத்தையும் காட்டும் மானி பொய் சொல்கிறது என்று இன்னொன்று வாங்கினார். அதுவும் அதையே சொன்னது. முன்பக்க வலையில் பாதியைத் தாளால் மூடினார். குழாயை மாற்றினார். விளக்கை மாற்றினார். அத்திமரம் இலையை உதிர்த்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு இலையையும் பொறுக்கி, ஏதோ குற்றத்துக்குத் தடயம் மாதிரி ஜன்னல் விளிம்பில் அடுக்கி வைத்தார்.

ஒருநாள் நான் இருக்கும்போதே யெல்லா கூப்பிட்டாள். "வந்துடுச்சா?" என்ற குரல் எனக்கே கேட்டது.

"கூண்டு இன்னும் தயாராகலம்மா."

"எப்பக் கேட்டாலும் இதையேதான் சொல்றப்பா. நீ வாங்கவே போறதில்ல."

"வாங்கறேன். சத்தியமா. நீ..." அவள் வைத்துவிட்டாள். ஹார்ம் மீதிப் பேச்சைக் கூண்டைப் பார்த்து முடித்தார். "...கொஞ்சம் பொறுத்துக்கோ."

கெடுவுக்கு முந்தின நாள், சனிக்கிழமை, ஹார்முக்கு வேலை. என்னிடம் சாவியைக் கொடுத்தார். "ரகு, எதுவும் செய்ய வேணாம். உக்காந்து மானிய மட்டும் பாரு. எப்ப விழுதுன்னு கண்ணால பாத்துச் சொல்லு. எனக்குப் பைத்தியம் பிடிக்கும் போலருக்கு."

போர்வையைப் போர்த்திக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்தேன். விழவில்லை. சூடு எங்கே நிற்க வேண்டுமோ அங்கேயே நின்றது. விளக்கு அணைந்து பனிமூட்டம் தொடங்கியதும் ஈரம் சரசரவென்று ஏறியது. மணி பிளாண்ட் இலைநுனிகளில் துளி கட்டியது. எனக்கே பெருமையாக இருந்தது.

ஹார்ம் வந்ததும் சொன்னேன். அவர் சந்தோஷப்படவில்லை. தோள் அப்படியே தொங்கிப்போய்விட்டது.

"அப்ப நீ இருந்தா நிக்குது. நான் இருந்தா விழுது" என்றார். "இதுக்கும் என்னைப் பிடிக்கல."

"பேத்தாதே, ஹார்ம்."

"நெசம்தான். நான் இருக்கற வீட்டுல எதுவும் நிக்காது." பேசிக்கொண்டே நடந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கூடத்து ஜன்னலை அகலத் திறந்தார். பேசிக்கொண்டே சமையலறைக்குப் போய் அந்த ஜன்னலையும் திறந்தார். "அவளுக்கும் பிடிக்கல, இம்கேக்கும் பிடிக்கல, இப்ப ஒரு பெட்டிக்குக் கூட..."

வேசர் ஆற்றுக் காற்று வீட்டுக்குள் நேராகப் புகுந்து மறுபக்கம் போனது. நான் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டேன். கூண்டில் இலைகளெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. பனிமூட்டம் துணி விலகுவது மாதிரி விலகியது. மானியின் எண்கள் என் கண்ணெதிரே இறங்கின.

"ஹார்ம், என்ன பண்றே?"

"நான் என்ன பண்ணேன்? ஒண்ணும் பண்ணலையே."

"ஜன்னல்."

"ஜன்னலுக்கு என்ன? காத்து மாத்தறேன்."

"அதான்!"

ஹார்ம் திரும்பி ஜன்னலைப் பார்த்தார், வேறு யாரோ வந்து திறந்துவைத்துவிட்டுப் போனது போல.

இந்த ஊரில் இதை யாரும் ஒரு செயலாகவே நினைப்பதில்லை. எழுந்ததும் திறப்பார்கள், வேலையிலிருந்து வந்ததும் திறப்பார்கள். பனி கொட்டினாலும் பத்து நிமிடம் வீட்டை ஊதிவிட்டு மூடுவார்கள். சுவரில் பூஞ்சை பிடிக்காமலிருக்க வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. குளிருக்குப் பயந்து திறக்காத ஒரே ஆள் நான். "உங்க வீட்டுல இருக்கறது போன வருஷத்துக் காத்து" என்று கூக் அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் கிண்டலடிப்பார். அந்தப் பயம்தான் இன்றைக்குக் கூண்டை நிற்க வைத்தது.

ஹார்ம் இரண்டு ஜன்னல்களையும் மூடினார். மூடிய கையை எடுக்காமல் நின்றார்.

"இத்தனை நாளும் நானேதான் திறந்துவிட்டேனா?"

தேநீர் போடட்டுமா என்று கேட்டேன்.

அவர் உள்ளே போய் யெல்லா விட்டுப்போன மஞ்சள் கழுத்துத்துணியைக் கொண்டுவந்து, ஜன்னல் கைப்பிடியில் இறுக்கி முடிச்சுப் போட்டார். "கைக்கு மூளை கிடையாது" என்றார். "தொட்டா ஞாபகம் வரணும்."

ஞாயிறு காலை கூண்டு நின்றது. மதியமும் நின்றது. கூக் அம்மா கதவைத் தட்டி, "ஜன்னல் கண்ணாடி வேர்த்து வழியுது, கீழேருந்தே தெரியுது. பூஞ்சை பிடிக்கும், திறங்க சார்" என்று கத்திவிட்டுப் போனார். வீட்டுச் சொந்தக்காரருக்குப் புகார் போகப்போகிறது என்று நான் பயந்தேன். ஹார்முக்கு அது காதிலேயே விழவில்லை. கைப்பேசியை மேசையில் வைத்து, அதற்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"ஒரு வாரமும் நின்னுச்சுன்னு சொல்லிடு" என்றேன். "காரணம்தான் தெரிஞ்சுபோச்சே. இனிமே நிக்கும். அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியப்போகுது?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. சாயங்காலம் ஓஸ்டர்லோ அம்மா கூப்பிட்டார். முதல் மணிக்கே ஹார்ம் எடுத்து, எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

"சொல்லுங்க தாமன் சார். நின்னுச்சா?"

ஹார்ம் வாயைத் திறந்தார், மூடினார். அந்தக் கணத்தில் அவர் அந்தப் பொய்யைச் சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன்.

"நேத்துலேருந்து நிக்குது" என்றார். "அதுக்கு முன்னாடி நிக்கல. நான் தினமும் காத்து மாத்திட்டு இருந்தேன்."

"அட கடவுளே. அத நான் கேக்கவே இல்லையே" என்றார் அந்த அம்மா. "எங்கிட்ட அதுக்குன்னு ஜன்னலே திறக்காத தனி அறை இருக்கு. எனக்குத் தோணவே இல்ல."

"இன்னும் ஒரு வாரம் மட்டும் கொடுத்தீங்கன்னா..."

"அதுக்குள்ள ஈஸ்டர் வந்துடும், எனக்கும் இந்தக் குட்டிய வெச்சிருக்க இடமில்ல. அந்த இன்னொருத்தர் கூண்டு ஒரு மாசமா நிக்குது. நாளைக்கு வந்து எடுத்துக்கறார். வருத்தமாத்தான் இருக்கு. கோடை முடிஞ்சு அடுத்த பொரிப்பு வரும், முதல்ல உங்களுக்குத்தான். கூண்ட அப்படியே ஓட விடுங்க."

"சரிங்கம்மா" என்றார் ஹார்ம். "நன்றி" என்றும் சொன்னார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை; சமையலறைக்குப் போய் சில்வண்டுகளுக்கு ஒரு கேரட் சீவிப் போட்டேன்.

திரும்பி வந்தபோது மகளின் எண்ணைத் திரையில் எடுத்துவைத்திருந்தார். அழுத்தவில்லை.

"என்ன சொல்லப்போறே?"

"தெரியல. பச்சோந்தி இல்ல, ஆனா வான்னு சொல்லலாம்." கூண்டைப் பார்த்தார். "வெயில் இருக்கு, மழை இருக்கு. வந்து நீயே பேர் வை, அது வரும்போது கூப்பிடலாம்னு சொல்லலாம். சிரிப்பாளா?"

"சிரிச்சா நல்லதுதானே."

"வராம இருந்துட்டா?"

கைப்பேசியை அவர் பக்கம் தள்ளினேன். அவர் அழுத்தினார்.

மறுமுனையில் மணி அடித்தது. கூண்டின் விளக்கு டைமரில் அணைந்தது. ஹார்ம் எழுந்து வழக்கம்போல ஜன்னலுக்குப் போனார். கை மஞ்சள் துணியில் பட்டது, அங்கேயே நின்றது. அவருக்குப் பின்னால் பனிமூட்டம் இலைகளுக்குள் இறங்கியது. மேசைமேல் கைப்பேசியில் மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.