என் காலைக் காட்டித் தண்டனை என்றவருக்கு

உபதேசியாரே, நீங்கள் என் ஆண்டவர்மேல் பொய் சொன்னீர்கள்.

என் கால் அழுகிக் கிடந்தபோது, "அது கடவுள் குடுத்த தண்டனை, அந்த வீட்டுக்கு யாரும் போகாதீங்க" என்று கோவில் வாசலில் நின்று சொன்னீர்கள். செபமாலைக் கூட்டம் என் தெருமுனை வரை வந்து திரும்பிப் போனது. பாட்டுச் சத்தம் தேய்ந்து மறைவதைப் படுத்தபடியே கேட்டேன். செத்துவிடலாம் என்றிருந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். எழுபத்து நான்காம் வருஷம், தை மாதம். மழை முடிந்து உப்பளத்தில் வேலை தொடங்கியிருந்தது. உப்புநீர் விடுவதற்கு முன்னால் பாத்தியின் களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். பாதியில் விட்டால் தரை வெடித்துவிடும். அப்படி மிதிக்கும்போது கிளிஞ்சல் ஒன்று என் குதிகாலைக் கிழித்தது. பாத்தி கெட்டுவிடுமே என்று துணியைச் சுற்றிக்கொண்டு மிதித்து முடித்தேன். உப்புத் தண்ணீரே புண்ணை ஆற்றிவிடும் என்று உப்பளத்தில் எல்லோரும் நினைப்பதைத்தான் நானும் நினைத்தேன். மாசி பிறப்பதற்குள் கால் கறுத்து வீங்கி நாற்றம் எடுத்தது. திண்டிவனம் டாக்டர் பார்த்துவிட்டு, "இன்னும் மேல ஏறிச்சுன்னா முழங்காலோட எடுக்கணும்மா. தினம் கழுவிக் கட்டு மாத்துங்க" என்றார்.

யார் மாற்றுவது? வீட்டுக்காரர் இல்லை. பிள்ளையும் இல்லை. காலை இழந்தால் உப்பளத்தில் எனக்கு என்ன வேலை?

சுகம் கேட்டு மன்றாடினேன். வரவில்லை. பிறகு சண்டை போட்டேன். "ஆண்டவரே, காலை எடும், இல்லாவிட்டால் என்னை எடும். இப்படிப் போட்டு வதைக்காதீர். ஒரு ஆளையாவது அனுப்பும்."

மறுநாள் காலையில் ஆள் வந்தது. என் கொழுந்தன் மனைவி லூர்து! அவள் கையால் தண்ணீர்கூட வாங்கமாட்டேன் என்று மாதா சுரூபத்தின் முன்னால் சொன்னவள் நான். அவள் சுடுதண்ணீர் குண்டானோடு வந்து நின்றாள்.

"காலக் குடுக்கா."

"உன்ன யாருடி கூப்பிட்டது?"

"யாரும் கூப்பிடல. தெருவே நாறுது, அதான் வந்தேன். கால நீட்டறியா, இல்ல இதை அந்த வாயில ஊத்தட்டுமா?"

நீட்டினேன். வேறு வழியில்லை. அவள் சீழைத் துடைத்தபோது வலியைவிட அவமானம்தான் அதிகம். ஒரு ஆளைக் கேட்டேன், எனக்கு ஆகாத ஆளையே அனுப்பினார். என்னை அவர் கண்டித்த விதம் அது. தினமும் அவள் கையில் காலைக் கொடுத்துக் கொடுத்து என் வீம்பு உடைந்தது. பங்குனியில் ஒருநாள், "உன் கால் ஆறிடும்க்கா, வாய்க்குத்தான் மருந்தில்ல" என்றாள். சிரித்துவிட்டேன். வீட்டுக்காரர் போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. கால் தப்பியது. இரண்டு விரல் போனது. இன்றும் நொண்டுகிறேன். ஆனால் அன்று வந்த சந்தோஷம் என்னைவிட்டுப் போகவில்லை. சுகமாய் இருந்த நாளில் எனக்கு இது இருந்ததில்லை. ஆண்டவருக்கு நன்றி. அந்தப் புண்ணுக்கும் நன்றி.

உப்பு விளையும் மரக்காணத்தில் இருந்துகொண்டு இது உங்களுக்குத் தெரியாதா, உபதேசியாரே? மிதிக்காத பாத்தியில் உப்பு சேறாக வரும். பாத்திமேல் பகை வைத்தா மிதிக்கிறோம்? வேண்டாம் என்று கைவிட்ட பாத்தியில் யார் கால் வைக்கிறார்கள்? என் பரலோகத் தகப்பன் என்னை மிதித்தார், கைவிடவில்லை. கைவிட்டது நீங்கள்.

நம் கோவில் ஜனங்களே, கூடப்பிறந்தவர்களே, அடி விழுந்தால் அவரைவிட்டு ஓடாதீர்கள். கோபம் வந்தால் அவரிடமே கத்துங்கள். நீங்கள் கேட்காத கையை அனுப்புவார், பிடித்துக்கொள்ளுங்கள்.

உபதேசியாரே, இப்போது சூசை வீட்டுக் குழந்தைக்கு வலிப்பு. அதையும் தண்டனை என்று சொல்லி ஜனங்களைத் தடுத்திருக்கிறீர்கள். அந்தத் தாய் அடுப்புகூடப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். நானும் லூர்தும் போய்க்கொண்டுதான் இருக்கிறோம். எங்களுக்கு உங்கள் உத்தரவு வேண்டாம். ஆனால் பதில் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், கலைவதற்கு முன்னால், ஜனங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்: அந்த வீட்டுக்குப் போகாதே என்று உங்களிடம் சொன்னது எந்தக் கடவுள்?