மழைக்குள் நின்றுபோன பீலி: றக்வானை மலைக்கு ஒரு தண்ணீர்ப் பயணம்

2008 ஜூனில் றக்வானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்ட இடம் பார்க்கும் வேலை. தோட்டத்தின் பல பத்தாண்டு மழைப் பதிவுகளை வைத்து வருங்காலக் கணிப்பும் போட்டிருந்தேன். வறண்ட நாட்கள் நீளும்; பெய்தால் ஒரேயடியாகக் கொட்டும். ஆகவே ஒரே பெரிய தொட்டி, மேல் லயத்துக்குப் பின்னாலுள்ள ஊற்றடியில். மனதில் அப்படித்தான் இருந்தது.

இரத்தினபுரியிலிருந்து றக்வானைக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். அங்கிருந்து ஆட்டோ, 400 ரூபாய். டிரைவர் பந்துல பாதி வழியில் நிறுத்திவிட்டார்.

"ஒரு கிழமையா மழை விடல்ல சார். இதுக்கு மேல நான் வரல்ல."

மீதியை நடந்தேன். தண்ணீர்க் குழுத் தலைவி செல்வராணி மேல் லயத்துப் பீலியடியில், அந்த ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியே விழும் இடத்தில், காத்திருந்தார். கொட்டும் மழை, முகம் தெரியாத மூடுபனி. குடத்தை வைத்துக்கொண்டு நாலைந்து பெண்கள்.

திடீரென்று பக்கத்து ஓடையின் சத்தம் நின்றது. மழை நிற்கவில்லை. பீலியில் தண்ணீர் மெலிந்தது, கலங்கியது, சொட்டியது, பிறகு அதுவும் இல்லை. லயத்து நாய்கள் குரைக்காமல் எங்களைத் தாண்டிக் கீழே இறங்கிப் போயின.

"என்னாங்க இது? மாசி வெயில்லகூட நிக்காதே!" என்றார் செல்வராணி.

இத்தனை மழையும் எங்கே போகிறது? எங்கேயும் போகவில்லை, மலைக்குள்ளேயே நிற்கிறது, சரிவு எந்நேரமும் இறங்கலாம் என்று உறைத்ததும் செல்வராணியிடம் திரும்பினேன்.

"எல்லாரையும் இறக்கணுங்க. இப்பவே."

அவர் காரணம் கேட்கவில்லை. "சாமான விடுங்க, புள்ளைகள தூக்குங்க!" என்று கதவு கதவாகத் தட்டினார்.

எதிர் மேட்டுப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினோம். மத்தியானம் வரை ஒன்றும் நடக்கவில்லை. முத்தையா என்பவருக்குப் பொறுமை போய்விட்டது.

"சார் கனா கண்டுட்டாரு. கோழிய அடைச்சிட்டு வாறேன்."

செல்வராணி வாசலை மறித்து நின்றார். "மொதல்ல என்னைய தாண்டிப் போங்கண்ணே." முத்தையா முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. பனி விலகியபோது மேல் லயம் இல்லை. அது இருந்த இடத்தில், மேலிருந்து மண்ணோடு வழுக்கி வந்த தேயிலைச் செடிகள் வரிசை கலையாமல், நேராக நின்றன.



பெரிய தொட்டியைக் கைவிட்டோம். பள்ளிக்கூட மேட்டில் கூரை மழையைப் பிடிக்கும் சிறு தொட்டிகள் வந்தன. "தண்ணி வேணுங்க. ஆனா எங்க தலைக்கு மேல வேணாம்," என்று செல்வராணி கூட்டத்தில் சொன்னதுதான் முடிவானது.

போக நினைப்பவர்கள் பெப்ரவரியில் போங்கள். மே, ஜூனில் றக்வானை டவுனிலேயே தங்கி, மேலே நிலவரம் கேட்டுவிட்டு ஏறுங்கள். அடுத்த பெப்ரவரியில் நான் போனபோது, அந்தச் செடிகளுக்கு நடுவே ஊற்று புதிதாகக் கிளம்பியிருந்தது. எடுத்துச் சோதித்தேன், நல்ல தண்ணீர். யாரும் குடம் வைக்கவில்லை.