காமிரா பிடிக்க வேறு ஆள்

"யாருக்குங்க மேடம்? மகனுக்கா? ரீல்ஸ் போடவா?" என்று கேட்டார் தேனியில் அந்தக் கடைக்காரர். காமிரா ஸ்டாண்டு வேண்டும் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். நாற்பத்தாறு வயதுப் பெண் சாயங்காலம் வேலை முடிந்து சாப்பாட்டுப் பையோடு வந்து காமிரா ஸ்டாண்டு கேட்டால், அது வேறு யாருக்கோ என்று அவரே முடிவு கட்டிவிட்டார்.

"எனக்குத்தான்," என்றேன். "எனக்கு மகனும் கிடையாது, ரீல்ஸும் கிடையாது. குடும்பத்தோட போட்டோ எடுக்கணும். அதுல நானும் நிக்கணும். அம்புட்டுத்தான்."

அவர் சிரித்துக்கொண்டே ஒரு செல்ஃபி குச்சியை எடுத்து நீட்டினார். இருநூறு ரூபாயோடு வேலை முடிந்துவிடும் என்றார். எனக்குச் சுருக்கென்று வந்தது. செல்ஃபியில் குச்சி பிடிப்பவரின் முகம் மட்டும் பூசணிக்காய் மாதிரி முன்னால் நிற்கும், மற்றவர்கள் கழுத்து வரை எட்டிப் பார்ப்பார்கள். அதிலும் குச்சியை நான்தான் பிடிக்க வேண்டியிருக்கும். பிடித்துப் பிடித்து அலுத்துத்தான் இந்தக் கடைக்கே வந்திருக்கிறேன் என்று அவருக்கு எப்படிச் சொல்வது.

நான் அல்லிநகரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். காலை ஆறரைக்கு ஊசியைப் பிடித்தால் மத்தியானம் வரை விடுவதில்லை. நரம்பே தெரியாத கையிலும் ஒரே குத்தில் எடுத்துவிடுவேன் என்று ஒரு பெயர் உண்டு. என் வீட்டுக்காரர் இறந்த பிறகு, அந்தப் பெயரை எங்கள் வீட்டு ஆட்கள் வேறொன்றுக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். எந்த விசேஷத்திலும் எல்லோரும் வரிசையாக நிற்கும்போது என் மதினி, அதாவது அண்ணனின் மனைவி, காமிராவை என் கையில் கொடுத்துவிடுவார். "நீ எடு தாயி. ஊசி புடிக்கிற கை. உனக்குத்தான் ஆடாம வரும்."

நான் அதைப் பாராட்டு என்று நம்பினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான். கூட வேலை பார்த்தவரிடம் பழைய காமிரா ஒன்றை விலைக்கு வாங்கினேன். வெளிச்சம் பார்க்கக் கற்றுக்கொண்டேன். கண்ணை மூடுகிறவர்களை மூன்று எண்ணித் திறக்க வைக்கக் கற்றுக்கொண்டேன். கிரகப்பிரவேசம், வளைகாப்பு, பூப்புனித நீராட்டு, எல்லாம் என் கையால்தான். ஒன்பது வருஷம்.

பிறகு அண்ணன் பேரனுக்குக் காது குத்தினார்கள். குலதெய்வக் கோயிலில், மொட்டை போட்டு, கிடாய் வெட்டி எல்லாம் முடிந்து வரிசையாக நின்றபோது என் காமிராவில் சார்ஜ் தீர்ந்துபோனது. அண்ணன் தன் ஃபோனைக் கொண்டுபோய்த் தேங்காய்க் கடைக்காரரிடம் கொடுத்தார். ஆக, எடுப்பதற்கு ஆள் வந்தாயிற்று. நான் சேலையைச் சரிசெய்துகொண்டு வரிசையின் ஓரத்துக்கு ஓடினேன். மதினி என்னைப் பார்த்து முகம் மாறாமல் ஒரு பையை நீட்டினார். "தாயி, இந்தப் பையக் கொஞ்சம் புடிச்சுக்க. உள்ள நகை இருக்கு. அங்கன போயி நில்லு. வேற யாரையும் நம்ப முடியல."

பையைப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றேன். காமிரா வழியாகப் பார்க்காமல் வெறும் கண்ணால் அந்த வரிசையை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன். எல்லோரும் ஜோடி ஜோடியாக நின்றார்கள். அப்போதுதான் உறைத்தது. காமிரா இருந்தாலும் நான் வெளியே, இல்லாவிட்டாலும் வெளியே. புருஷன் இல்லாதவள் நல்ல காரியப் படத்தில் நிற்கக் கூடாது. அதை யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. என் கையைப் புகழ்ந்தே என்னை ஒன்பது வருஷம் ஒதுக்கி வைத்துவிட்டார்கள். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். புகழுக்கு என்ன பதில் சொல்வது?

அந்தப் பதிலை வாங்கத்தான் கடைக்கு வந்திருந்தேன். காமிராவைப் பிடிக்க வேறு ஓர் ஆள். சாப்பாடு கேட்காத, பேச்சு மாறாத, மூன்று கால் ஆள்.

கடைக்காரர் எதையெதையோ இறக்கினார். ஆக்டோபஸ் மாதிரி கால் வளைகிற குட்டி ஸ்டாண்டு. அதை மேஜையில் வைத்தால்தான் உண்டு. கீழிருந்து எடுத்தால் குடும்பமே மூக்கு ஓட்டையோடு விழும். அடுத்தது ரிங் லைட்டு மாட்டுகிற ஸ்டாண்டு. உயரம் இருந்தது, ஆனால் கால் குடைக்கம்பி கனம்தான். ஃபோனைத் தாங்கும், என் காமிராவை வைத்ததும் தலையைத் தொங்கப்போட்டது.

"இதுக்கு மேல வேணும்னா ஆறாயிரம், ஏழாயிரம்னு போகும் மேடம். வீட்டு போட்டோவுக்கு அதெல்லாம் எதுக்கு?"

"வீட்டு போட்டோவுக்குத்தான் வேணும். ரெண்டாயிரத்துக்குள்ள காட்டுங்க. பொறுமையாப் பாக்குறேன்."

பொறுமையாகத்தான் பார்த்தேன். முக்கால் மணி நேரம். ஒவ்வொரு ஸ்டாண்டையும் விரித்து, காமிராவை மாட்டி, எதிர்ச் சுவரிலிருந்த காலண்டரைப் பெரிதாக்கி, ஸ்டாண்டின் தலையில் விரலால் ஒரு தட்டுத் தட்டுவேன். காலண்டர் எழுத்து ஆடி அடங்க எத்தனை எண்ணிக்கை ஆகிறது என்று பார்ப்பேன். அப்படித்தான் ஒரு விஷயம் பிடிபட்டது. நடுவில் ஒரு கம்பி இருக்கிறது. அதை மேலே தூக்கினால் உயரம் வரும், ஆட்டமும் கூடவே வரும். அதனால் நடுக்கம்பியைத் தூக்காமலே என் கண் மட்டத்துக்கு வருகிற ஸ்டாண்டுதான் வேண்டும் என்றேன். கடைக்காரர் அதற்குப் பிறகு ரீல்ஸ் பேச்சை எடுக்கவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி, மேல் பரணிலிருந்து தூசியோடு ஓர் அலுமினிய ஸ்டாண்டை இறக்கினார். கால்களைப் பூட்ட க்ளிப்புகள், மட்டம் பார்க்க ஒரு குமிழி, நடுவில் பாரம் தொங்கவிட ஒரு கொக்கி. தட்டினேன். இரண்டு எண்ணுவதற்குள் காலண்டர் நின்றுவிட்டது. ஆயிரத்து எண்ணூறுக்குக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓடைப்பட்டியில் என் சித்தி மகளின் திராட்சைத் தோட்டத்தில் அதைச் சோதித்துப் பார்த்தேன். ஆனி மாதக் காற்று. ஆளையே தள்ளுகிற நம் பக்கத்துக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கொக்கியில் பாரம் கட்டினால் ஸ்டாண்டு அசையாது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அங்கே வேறென்ன பாரம் கிடைக்கும்? அறுத்து வைத்திருந்த திராட்சையில் ஒரு பை நிறையப் போட்டுத் தொங்கவிட்டேன். கல் மாதிரி நின்றது. டைமரை வைத்துவிட்டு ஓடிப்போய் நடுவில் நின்றேன். ஒரு படம். இரண்டு படம். ஒவ்வொரு தடவையும் படம் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க எல்லோரும் ஸ்டாண்டைச் சுற்றி மொய்த்தார்கள். பார்த்த வாய் சும்மா இருக்குமா? ஆளுக்கு ஒரு கொத்து. நாலாவது படத்துக்குப் பிறகு பையில் காம்புதான் மிச்சம். ஐந்தாவதுக்கு நாங்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும்போதே காற்று வந்து ஸ்டாண்டை அப்படியே சாய்த்தது. தண்ணீர் பாய்ச்சிய ஈர மண்ணாக இருந்ததால் காமிரா பிழைத்தது. சித்தி மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏடி, பாரத்தத் திங்கிற கூட்டத்தக் கூட்டிட்டு வந்து போட்டோ எடுக்குறியே!"

அந்த நாலு படத்திலும் நான் இருக்கிறேன். நடுவில், நெளியாமல் நிற்கிறேன். அன்றைக்கு மதினியும் வந்திருந்தார்; என் தோளில் கை போட்டுத்தான் நின்றார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏனென்றால் அது வெறும் ஞாயிற்றுக்கிழமை. பூவும் மஞ்சளும் தாம்பூலத் தட்டும் வந்தால்தான் நான் ஆகாதவள்.

அந்தத் தட்டும் வந்தது. என் மகளைக் கெங்குவார்பட்டியிலிருந்து பெண் கேட்டார்கள். விவசாயக் குடும்பம், மாப்பிள்ளை மதுரையில் வேலை. அதே மாதம் பூ வைத்து நிச்சயம் செய்ய வருவதாகச் சொன்னார்கள். மண்டபமெல்லாம் இல்லை, எங்கள் வீட்டிலேயே, இரண்டு பக்கத்து நெருங்கிய ஆட்கள் மட்டும். போட்டோக்காரர் கல்யாணத்துக்குப் போதும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். "அதான் நம்ம வீட்டுலேயே ஆளு இருக்கே."

பெற்றவள் நான். படிக்க வைத்தவள் நான். மாப்பிள்ளை வீட்டைப் பற்றி நாலு பேரிடம் விசாரித்தவளும் நான். தட்டு மாற்றுவது மட்டும் அண்ணனும் மதினியும். அதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. தட்டு ஐந்து நிமிஷத்தில் கை மாறிவிடும். படம் அப்படியில்லை, ஐம்பது வருஷம் சுவரில் தொங்கும். பிற்பாடு அதைப் பார்க்கிறவர்கள், பெண்ணுக்குத் தாய் இல்லை போலிருக்கிறது என்றுதானே நினைப்பார்கள்? அதை நான் விடுவதாக இல்லை.

முந்தின நாள் சாயங்காலம் வாசலில் ஸ்டாண்டை நிறுத்தி, பட்டுச் சேலையோடு பழகிப் பார்த்தேன். பொத்தானை அமுக்கினால் பத்து நொடி. ஸ்டாண்டிலிருந்து, வரிசை நிற்கப்போகிற வாசல் கேட் வரை வேகமாக நடந்தால் ஆறு நொடி. மூச்சு வாங்கி முகத்தைச் சரிசெய்ய நாலு. மகள் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏன் பழகுகிறேன் என்று அவளுக்குத் தெரியும்.

"அம்மா, நாளைக்கு ஒரு நாளு மட்டும் பேசாம இரும்மா," என்றாள். "அவுக வீட்டுல என்ன நெனப்பாகளோ. எனக்குப் பயமா இருக்கு."

அன்றைக்குக் கோயிலில் மதினி நீட்டிய பைகூட எனக்கு இந்த அளவு வலிக்கவில்லை. ஸ்டாண்டை மடக்கி உள்ளே வைத்தேன். அவள் வாழ்க்கை, அவள் பயம். சம்பந்தம் கெட்டுப்போனால் ஊர் என்னைத்தான் சொல்லும், அவளும் என்னைத்தான் சொல்வாள். எல்லாம் தெரியும். ஆனால் இன்றைக்கு நான் ஒதுங்கினால், ஒதுங்குவதுதான் மரியாதை என்று நானே அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததாகிவிடும். காலையில் எழுந்து ஸ்டாண்டைத் துடைத்து எடுத்து வைத்தேன்.

பதினான்கு பேர். பூ வைத்து, தட்டு மாற்றி, காபி குடித்து முடிந்தது. உள்ளே இடம் போதாது என்று எல்லோரும் வாசலுக்கு வந்து வரிசை கட்டினார்கள். நான் ஸ்டாண்டை விரித்தேன். கொக்கியில் இரண்டு தண்ணீர் பாட்டில்களைப் பையோடு தொங்கவிட்டேன்.

"இது எதுக்கு? அதான் நீ இருக்கியே," என்றார் அண்ணன்.

"நான் போட்டோவுல நிக்கப்போறேண்ணே."

அண்ணன் மதினியைப் பார்த்தார். மதினி வரிசையில் நின்றபடியே சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு மனப்பாடம். "காத்தப் பாரு தாயி, விழுந்துரும். நீ பக்கத்துல நின்னு ஸ்டாண்டப் புடிச்சுக்க."

காமிராவைப் பிடித்தது போதாது, காமிராவைப் பிடிக்க வாங்கின ஸ்டாண்டையும் நானே பிடிக்க வேண்டுமாம். ஒரு நொடி எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. "விழாது மதினி," என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அமுக்கினேன். முன்னால் சிவப்பு விளக்கு மினுக்க ஆரம்பித்தது. நடந்தேன். மகளுக்கு இடப்பக்கம் போய் நின்றேன்.

"ஏ ஆத்தா!" மதினியின் குரல் உயர்ந்துவிட்டது. "நல்ல காரியத்துல நீ எதுக்கு அங்கன போயி நிக்கிற? வந்தவுக என்ன நெனப்பாக?"

ஒன்பது வருஷமாக அவர் வாய்க்குள் இருந்தது வெளியே வந்துவிட்டது. எனக்குக் கோபம் வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. சொல்லிவிட்டால் பதில் சொல்லலாமே.

"பெத்தவ வேற எங்கன நிக்க?" என்றேன். காமிராவைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், திரும்பவில்லை. படம் விழுந்தது.

சம்பந்தியம்மா, மாப்பிள்ளையின் தாயார், புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். அவர் என்ன நினைத்தாரோ, நினைத்ததைச் சொல்லாமல் விட்டாரோ, எனக்கு இன்றைக்கும் தெரியாது. கல்யாணம் தையில் என்று முடிவாகியிருக்கிறது. அவரிடம் அதை நான் கேட்கப்போவதும் இல்லை.

அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். "இது சரியா வந்திருக்காது. அத அழிச்சுட்டு வேற ஒண்ணு எடு." வேற ஒண்ணு என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும்.

போய்த் திரையில் பார்த்தேன். சரியாகத்தான் வரவில்லை. அண்ணன், மதினி, சம்பந்தி வீட்டு ஆட்கள், மாப்பிள்ளை உள்பட பன்னிரண்டு பேரும் கழுத்தைத் திருப்பி என்னையே பார்க்கிறார்கள். மதினியின் வாய் திறந்திருக்கிறது. காமிராவைப் பார்ப்பது நான் ஒருத்திதான். மகள் யாரையும் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து நிற்கிறாள். என்னால் அவமானப்பட்டு நிற்கிறாள் என்று நினைத்தேன். முகத்தைப் பார்க்கலாம் என்று படத்தைப் பெரிதாக்கினேன். கை தவறி முகத்துக்குப் பதில் கீழே போய்விட்டது.

அவளுடைய இடது கை தெரிந்தது. என் முந்தியைச் சுருட்டி, நகம் வெளுக்கிற அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் நகர்ந்தால் இழுத்து நிறுத்துகிறவள் பிடிக்கிற பிடி. அங்கே நிற்கும்போது எனக்கு அது தெரியவே இல்லை.

"இன்னொண்ணு எடு ஆத்தா, நேரமாகுது," என்றார் மதினி.

"வேண்டாம் மதினி. இதுலயே எல்லாரும் இருக்கோம்," என்றேன். காமிராவை நிறுத்திவிட்டு, க்ளிப்புகளைத் திறந்து, ஸ்டாண்டின் கால்களை ஒவ்வொன்றாக மடக்கினேன்.