ஜன்னலை அடைத்துக் கொடுத்த நாள்

பாலக்கோட்டில் நான் தையல் கடை வைத்திருந்த அறைக்கு முதலில் ஜன்னலே கிடையாது. பட்டப்பகலிலும் விளக்கு வேண்டும். கரண்ட் போனால் கறுப்பு ரவிக்கையைத் தொடவே முடியாது. ஓனரிடம் கேட்டேன். "ஒனக்குத் தேவைன்னா செஞ்சுக்கம்மா" என்றார். என் செலவில் மேஸ்திரியை வைத்துச் சுவரை உடைத்து ஜன்னல் வைத்தேன். துணி அடுக்கக் கடப்பாக் கல் அலமாரியும் போட்டேன். சொந்தக் கடை போலத்தான் பார்த்துக்கொண்டேன்.

வாடகைக் காலம் முடிந்தது. அடுத்த தெருவில் பெரிய இடம் அமைந்தது. இங்கே கொடுத்த அட்வான்ஸ் குறையாமல் திரும்பி வந்தால்தான் அங்கே சாவி கிடைக்கும். நான் செய்த வேலைகளுக்கு விலை போட, இரண்டு பேருக்கும் பொதுவான ஆளாக அதே மேஸ்திரி வந்தார். அலமாரிக்கு அவர் சொன்ன விலைக்கு ஓனர் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். மேஸ்திரி டேப்பை ஜன்னலுக்குக் கொண்டு போனதும் ஓனர் முகம் மாறிவிட்டது.

"அதுக்கென்னய்யா வெல? என் சொவத்துல ஓட்டையும் போட்டுட்டு எங்கிட்டயே காசா? அத அடைக்கிற செலவ அட்வான்ஸ்ல புடிச்சுக்குவேன். இல்லன்னா, நான் எப்படிக் குடுத்தனோ அப்படியே திருப்பிக் குடும்மா."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு எத்தனை நாள் பேப்பர் படித்திருப்பார் இந்த மனுஷன்.

"சரிங்கண்ணா. அப்படியே குடுத்துடறேன்" என்றேன்.

மறுநாள் காலையிலேயே செங்கல்லும் மணலும் இறக்கிவிட்டேன். "நெஜமாத்தான் சொல்றியாம்மா?" என்றார் மேஸ்திரி. "கட்டுங்க" என்றேன். ஜன்னலைச் சட்டத்தோடு பெயர்த்து வெளியே சாய்த்தோம். செங்கல் வரிசை ஏற ஏற அறை இருண்டது. ஆனால் வீம்பு விடவில்லை.

பாதிக்கு மேல் ஏறியபோது ஓனர் வந்தார். கூடவே, எனக்கு அடுத்து அந்தக் கடைக்கு வரப்போகிறவர், செல்போன் ரிப்பேர் செய்கிறவர். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னங்க, ஜன்னலக் காணோம்? அதக் காட்டித்தான வாடகைய ஏத்திச் சொன்னீங்க? இந்த இருட்டுல நான் ஸ்க்ரூவத் தேடறதா, வர்ற ஆளத் தேடறதா?"

ஓ, சங்கதி இதுவா. கோபம் வந்திருக்க வேண்டும், எனக்குச் சிரிப்புதான் வந்தது. மேஸ்திரி கரண்டியோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

"இந்த மாதிரிதாண்ணா குடுத்தீங்க" என்றேன். "அந்த ஜன்னல் எம்புதுக் கடைக்குப் போவுது."

ஓனர் ஈரச் சுவரைப் பார்த்தார். வெளியே சாய்ந்திருந்த ஜன்னலைப் பார்த்தார். வந்தவர் பைக் சாவியைக் கையில் எடுத்ததையும் பார்த்தார்.

"மேஸ்திரி" என்றார் மெதுவாக, "சாந்து காயறதுக்குள்ள அதப் பிரிச்சுருய்யா. ஜன்னலுக்கு வெல என்னன்னு சொல்லு."

"இன்னிக்குக் கட்டின கூலி, பிரிக்கிற கூலி, அதையும் சேத்துச் சொல்லுங்க" என்றேன் நான்.

சாயங்காலம் முழு அட்வான்ஸும் அலமாரி, ஜன்னல் காசும் கூலியும் என் கைக்கு வந்தன. நேராக அடுத்த தெருவுக்குப் போனேன். புது ஓனரம்மா சாவியை நீட்டினார். நான் வாங்கவில்லை. பின்சுவரைத் தட்டிக் காட்டி, "அக்கா, இங்க ஒரு ஜன்னல் வெச்சா, காலி பண்றப்ப என்ன தருவீங்க? அத மொதல்ல சொல்லுங்க" என்றேன்.