பவளம் அக்காவின் ஸ்பிரிங்குகள்

போன செவ்வாய்க்கிழமை காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து எல்லாரும் மலைக்குப் போன பிறகு, இருமலுக்கு மருந்து வாங்க என் டிஸ்பென்சரிக்கு ஒரு பெரியவர் வந்தார். லிந்துலைப் பக்கம் மகள் வீட்டில் சில நாள் இருந்துவிட்டு முதல்நாள்தான் அக்கரப்பத்தனைக்குத் திரும்பியிருந்தார். வெறும் போத்தலை நீட்டியபடியே, “ஸ்பிரிங்கு அம்மா போயிட்டாங்களாமே, ஒங்களுக்குத் தெரியுங்களாய்யா?” என்றார். எனக்குத் தெரியாது. போத்தலை வாங்கி மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு சற்றுப் படுத்த பவளம் அக்கா எழுந்திருக்கவில்லையாம். அடக்கம் முடிந்து ஐந்து நாளாகியிருந்தது.

பவளம் அக்காவுக்கு ஐம்பது வயது தாண்டியிருக்காது. உங்களில் பலர் அவரிடம் பூட்டுக்கோ, குடைக்கோ, தையல் மெஷினுக்கோ ஸ்பிரிங் செய்து வாங்கியிருப்பீர்கள். கம்பியைப் பார்க்கும்போது ஒரு கண்ணைச் சுருக்குவாரே, அந்த முகம் உங்களுக்கும் நினைவிருக்கும். நான் லிந்துலையில் தோட்டத்து மருந்துக்காரனாக இருந்த ஒன்பது வருடங்களில் அவரை அறிந்தவன். அதில் சிலதையாவது எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

தொழிலாளர் லயத்து வரிசையின் கடைசிக் காம்பராவில் அவரும் கணவர் சந்தனமும் இருந்தார்கள். பின்பக்கம் தகரம் இறக்கி ஒரு சாய்ப்பு கட்டியிருந்தார்கள். அதுதான் பட்டறை. சந்தனம் அண்ணன் தேயிலைக் கொட்டகையில் மெஷின் பழுதுபார்க்கும் பிட்டருக்கு உதவியாளாக இருந்தவர். குடலிறக்க ஆபரேஷனுக்குப் பிறகு பாரமான வேலை ஆகாது என்றானதும், ஸ்பிரிங் சுற்றும் வேலையை வீட்டிலேயே செய்யச் சொல்லி பிட்டர் கொடுத்தார். அண்ணன் கம்பியை அளவாக இழுத்துப் பிடிக்க, அது சுருளும் தண்டின் கைப்பிடியை அக்கா சுற்றினார். ஆறு மாதத்தில் இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள். “எனக்கு அளவு கண்ணுல நிக்கல. இவளுக்கு நிக்கிது. அப்புறம் நான் எதுக்கு அந்தப் பக்கம் நிக்கணும்?” என்று அண்ணன் எல்லாரிடமும் சொல்லுவார். அதன்பிறகு அண்ணன் கைப்பிடி சுற்றினார், முனைகளை அரம் போட்டார், தேத்தண்ணி ஊற்றினார். பகலில் கொட்டகையில் தூள் சலிக்கும் வேலை பார்த்த அக்கா, மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பட்டறைக்கு எசமானி.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. குழந்தைகளை நிறுக்கும் தொங்கு தராசில் ஸ்பிரிங் தளர்ந்துபோய், பிறந்த பிள்ளைக்கெல்லாம் ஒரு வயதுப் பிள்ளையின் எடை காட்டியது. கொழும்புக்கு எழுதிப் போட்டு மூன்று மாதமாகியும் பதில் இல்லை. கொட்டகைக் கிளாக்கர் பவளத்திடம் கொடுக்கச் சொன்னார். தூள் சலிக்கிற பெண்ணிடமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. இருந்தாலும் போனேன்.

அக்கா தராசைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. “எவ்வளவு கனம் தாங்கணுங்க? அந்தக் கனத்துக்கு எவ்வளவு தூரம் எறங்கணும்? இத ரெண்டையும் சொல்லுங்க. மத்தத நான் பாத்துக்கிறேன்” என்றார். எனக்கு இரண்டுமே தெரியவில்லை. மருத்துவம் படித்தவன் என்ற மிதப்போடு நின்றவன், திரும்பிப் போய் அளந்துகொண்டு வந்தேன். நான்காம் நாள் தராசு வந்தது. கடைக்காரரிடம் படிக்கல் வாங்கி ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டுப் பார்த்தேன். முள் ஒவ்வொரு முறையும் சரியான கோட்டிலேயே நின்றது.

அந்தக் கம்பி எங்கிருந்து வந்தது என்பது தனிக்கதை. சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகச் சீமைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். பக்கத்துத் தோட்டத்துத் துரை பங்களாச் சாமான்களை விற்றபோது, ஈரத்தில் ஊறிப்போன ஒரு பியானோவை வாங்க ஆளில்லை. அக்கா வாங்கிக்கொண்டார். நாலு பேர் தூக்கிவந்து லயத்து வாசலில் இறக்கியதும் ஊரே கூடிவிட்டது. “பவளம், பாட்டுப் படிக்கப் போறியா?” என்று கேட்டுச் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையே அதன் வயிற்றைத் திறந்து, துருப்பிடிக்காத கம்பிகளாகப் பார்த்து, ஒவ்வொன்றாக அவிழ்த்துச் சுருட்டி, கனம் வாரியாக ஆணியில் மாட்டினார். தடித்தது, மெலிந்தது என்று இருபதுக்கும் மேற்பட்ட வகை. அப்படிப்பட்ட உருக்குக் கம்பி கொழும்பிலும் சுலபமாகக் கிடைக்காது. பலகைகள் பட்டறைக்குச் சுவராயின.

இனி மீனாட்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதில் என் தவறும் இருக்கிறது.

மீனாட்சி கொழுந்தெடுப்பவள். புருஷன் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகள். ஒரு மழைநாளில் கூடையோடு சரிந்து விழுந்து, முழங்காலுக்குக் கீழே வெளிப்புறம் கல்லில் அடிபட்டது. எலும்பு முறியவில்லை, புண்ணும் ஆறிவிட்டது. ஆனால் பாதத்தைத் தூக்க முடியவில்லை. நடக்கும்போது விரல்கள் தரையைத் தேய்த்துக்கொண்டு வரும். சமதரையில் காலை உயர உயரத் தூக்கி எப்படியோ நடந்தாள். மலையில் முடியவில்லை, வேரிலும் கல்லிலும் தட்டி விழுந்தாள்.

மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா என்னிடம் அறிக்கை கேட்டார். நரம்பு செத்துவிட்டது, இனி மலை வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதினேன். அந்தக் கடதாசி துரையின் கந்தோருக்குப் போனால், அங்கே ஆள் பதிவேட்டிலிருந்து மீனாட்சியின் பேர் வெட்டப்படும். பேர் போனால் காம்பராவும் போகும். இது தெரிந்துதான் எழுதினேன். உண்மையைத்தானே எழுதுகிறோம் என்று நினைத்தேன்.

அனுப்புவதற்கு முன்பே அக்கா டிஸ்பென்சரிக்கு வந்துவிட்டார்.

“ஐயா, அவ கால்ல என்ன கொறை?”

“பாதத்தைத் தூக்குற நரம்பு வேலை செய்யல.”

“கீழ இறக்குறது?”

“அது இருக்கு. நல்லா அழுத்துறா.”

“அப்ப தூக்குறதுக்கு மட்டுந்தான் ஆள் இல்ல.” மேசையிலிருந்த அறிக்கையைக் காட்டினார். “அந்தக் காயிதத்தக் கொஞ்ச நாளு வச்சிருங்கய்யா.”

அறிக்கையை வைத்திருந்தது தெரிந்தால் என் வேலைக்கே ஆபத்து. முடியாது என்றேன். அக்கா வாதாடவில்லை, கெஞ்சவுமில்லை. அங்கேயே நின்றார். அவர் நிற்பதைப் பார்க்க முடியாமல் அதை மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினேன். இரண்டு கிழமைதான், பதினாலே நாள் என்று சொன்னேன்.

முதல் ஸ்பிரிங் மூன்றாம் நாள் தயாரானது. முழங்காலுக்குக் கீழே ஒரு தோல் பட்டை, பாதத்தைச் சுற்றி இன்னொரு பட்டை, இரண்டுக்கும் இடையில் முன்பக்கம் ஸ்பிரிங். தோல் வேலை அண்ணனுடையது. மீனாட்சி கட்டிக்கொண்டு எழுந்தாள். பாதம் விறைத்து வானத்தைப் பார்த்தது. அடுத்தது மிகவும் மெலிந்த கம்பி. பாதம் பழையபடி தொங்கியது. மூன்றாவது சரியாக வந்தது. லயத்து வாசலில் மீனாட்சி முன்னும் பின்னுமாக நடந்தாள். விரல் தட்டவில்லை. பிள்ளைகள் இருவரும் அவளுக்குப் பின்னாலேயே அதே நடை நடந்து காட்டினார்கள்.

அக்காவுக்கு அது போதவில்லை. கொட்டகையில் ஒருநாள் லீவு சொல்லிவிட்டு, மீனாட்சிக்குப் பின்னால் மலையேறினார். ஏற்றத்தில் எவ்வளவு, இறக்கத்தில் எவ்வளவு, எந்த இடத்தில் பாதம் மாட்டுகிறது என்று நாள் முழுக்கப் பார்த்தார். திரும்பும்போது இரண்டு கால்களிலும் அட்டைக்கடி. “வாசலு வேற, மல வேற. வாசல்ல நடக்குற ஸ்பிரிங்க வச்சி நான் ஏமாந்துட்டேன்” என்று சொல்லி, இரண்டு சுற்று கூட்டி மறுபடி செய்தார்.

அதைப் போட்டுக்கொண்டு மீனாட்சி மூன்று நாள் வேலைக்குப் போனாள். நான்காம் நாள் பகலில் ஸ்பிரிங் அறுந்தது. செங்குத்தான இறக்கத்தில் கவிழ்ந்து விழுந்து நெற்றி கிழிந்தவளை, இரண்டு பெண்கள் தாங்கிப்பிடித்து என்னிடம் கொண்டுவந்தார்கள். தையல் போட்டுக்கொண்டிருக்கும்போதே அக்கா மூச்சிரைக்க ஓடிவந்தார். அறுந்த துண்டுகளைக் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, வழக்கம்போல் ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். நான் உள்ளுக்குள் தீர்மானித்துவிட்டேன், கடதாசியை நாளைக்கே அனுப்ப வேண்டும் என்று.

அக்கா மீனாட்சியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“மீனாட்சி, இது ஒன் கால் செஞ்ச தப்பில்ல. கம்பி செஞ்ச தப்புமில்ல. கொக்கி வளைக்கிறப்ப என் குறட்டுப் பல்லு கம்பியில பட்டிருக்கு. பாரு, இந்தக் கீறல். அதுலதான் அறுந்திருக்கு. நான் பாத்திருக்கணும், பாக்கல. ஒன் நெத்தியில தையல் விழுந்தது என்னாலதான்.”

அறையில் இருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மீனாட்சி வலியோடு கேட்டாள், “அப்ப கீறல் இல்லாம செய்ய முடியுமாக்கா?”

“முடியும்.”

“செய்ங்க. போட்டுக்கிறேன்.”

தையல் ஊசியை வைத்துவிட்டு நான் நின்றேன். எட்டு வருடமாக நோயாளிகளைப் பார்த்தவன். எத்தனை முறை கை தவறியிருக்கும்? ஒருமுறையாவது ஒருவரிடமாவது இப்படிச் சொன்னதுண்டா? அதுவரை தோட்டத்து உத்தியோகக்காரனாக அவரைப் ‘பவளம்’ என்றுதான் அழைத்துவந்தேன். அன்று அவர் எழுந்து போகும்போது, “மழை வருது, குடையை எடுத்துட்டுப் போங்கக்கா” என்றேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போனார்.

குறட்டின் வாயில் செப்புத் தகடு சுற்றி, கொக்கியை அகலமாக, உருண்டையாக வளைத்தார். ஒன்றுக்குப் பதில் மெலிந்த இரண்டு ஸ்பிரிங்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று அறுந்தாலும் மற்றது வீடு சேர்க்கும். மணல் நிரப்பிய சட்டியில் வைத்து, கம்பி வைக்கோல் நிறத்துக்கு வரும்வரை அடுப்பை விட்டு நகராமல் சூடேற்றினார். மழைக்குத் துருவேறாமல் தேன்மெழுகு பூசினார். நான் கொடுத்த கெடுவுக்கு இரண்டு நாள் பாக்கியிருந்தது.

நான் அறிக்கையை அனுப்பாமல் வைத்திருந்தது கண்டாக்கையாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. மறுநாள் காலை பெரட்டுக் களத்தில் மீனாட்சியை நிறுத்தினார். “எங்கே, ஏறு பாப்போம்” என்று மேல்மலையைக் காட்டினார். அது அந்தத் தோட்டத்திலேயே செங்குத்தான மலை. இரவு பெய்த மழையில் பாதை வழுக்கியது. இடுப்பில் படங்குச் சாக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கூடையை மாட்டிக்கொண்டு, மீனாட்சி ஏறினாள். வளைவில் ஒருமுறை தடுமாறினாள். யாரோ “முருகா” என்றார்கள். அவள் செடியைப் பிடித்து நிமிர்ந்து மேலே போனாள். உச்சியில் திரும்பி நின்று, கையைத் தூக்கிக் காட்டாமல், கொழுந்தெடுக்க ஆரம்பித்தாள். கீழே நின்ற பெண்கள் போட்ட கூச்சலில் கண்டாக்கையா என்ன சொன்னார் என்று ஒருவருக்கும் கேட்கவில்லை.

நான் அன்றே துரையிடம் போய், என் கணிப்பு தவறு என்று சொல்லி, பழைய கடதாசியை அவர் முன்னாலேயே கிழித்தேன். நல்ல வசவு கிடைத்தது. வேலை போகவில்லை.

கணிப்பு உண்மையிலேயே தவறாகத்தான் இருந்தது. எட்டாம் மாதம் மீனாட்சியின் கட்டைவிரல் அசைந்தது. வருடம் திரும்புவதற்குள் பாதம் தானாகவே எழும்பியது. நரம்பு சாகவில்லை, அதற்குக் கால அவகாசந்தான் வேண்டியிருந்தது. பட்டைகளையும் ஸ்பிரிங்குகளையும் அவள் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தபோது அக்கா அவளைக் கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு கொட்டகலையிலிருந்தும் அப்பாலிருந்தும் கால் வராதவர்களை அழைத்துக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். எல்லாருக்கும் செய்ய முடியவில்லை. முடியாதவர்களிடம் முடியாது என்று அக்கா நேராகவே சொன்னார்.

தோட்டத்து ஆட்கள் விண்ணப்பித்துத்தான் வாங்க வேண்டியிருந்த பிரஜாவுரிமைக்கு அக்காவும் அண்ணனும் மனுப் போட்டிருந்தார்கள். விசாரணைக்கு அவர்களோடு நானும் போனேன், சிங்களத்தில் சொல்ல ஆள் வேண்டுமென்று. அதிகாரி தொழில் என்னவென்று கேட்டார். நான் “தோட்டத் தொழிலாளி” என்று சொல்வதற்குள் அக்கா குறுக்கிட்டு, “ஸ்பிரிங்கும் செய்றேன்னு சொல்லுங்க, அதையும் எழுதச் சொல்லுங்க” என்றார். அதிகாரி பேனாவைத் தூக்கியபடி ஏறிட்டுப் பார்த்தார். எழுதினார். அந்த மனு பிறகு தள்ளப்பட்டது. முடிவு வந்த அன்று அண்ணன் சாப்பிடவில்லை. அக்கா சாப்பிட்டார். “நான் என்ன செய்றேன்னு அவுங்க கடதாசியில இருக்கு. அதோட சேத்துத்தான் தள்ளியிருக்காங்க” என்றார். மறுபடி மனுப் போட வேண்டும் என்றும் சொன்னார். அது நடக்கவில்லை.

செய்தி கேட்ட மறுநாள் பஸ்ஸேறி லிந்துலைக்குப் போனேன். சந்தனம் அண்ணன் வாசலில் உட்கார்ந்திருந்தார். மீனாட்சி அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். புறப்படும்போது அண்ணன், “ஏதாவது எடுத்துட்டுப் போங்கய்யா, அவ ஞாபகமா” என்றார். பட்டறைச் சாமான் எதையும் நான் எடுக்கவில்லை. அவை அங்கேயே வேலை செய்ய வேண்டியவை. மீனாட்சியின் மூத்த மகள் கைப்பிடி சுற்ற, அண்ணன் மறுபடி கம்பி பிடிக்கிறார் என்று கேள்விப்பட்டேன்.

நான் அக்காவிடமிருந்து வைத்துக்கொண்டிருப்பது என்னவென்று சொல்கிறேன். நேற்று முன்தினம் ஒரு தாய் கைக்குழந்தையோடு மறுபடி வந்தாள். வெறும் சளிக் காய்ச்சல் என்று நான் சொல்லி அனுப்பிய பிள்ளை. காதுக்குள் சீழ் வைத்திருந்தது. நான் அன்றைக்குக் காதைப் பார்க்கவே இல்லை. “பிள்ளை நாலு நாள் அழுதது என்னாலதான்மா. நான் பாத்திருக்கணும், பாக்கல” என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவரிடம் இனிப் பிள்ளையைக் காட்டலாமா என்று யோசித்திருப்பாள். பிறகு துணியை விலக்கி, குழந்தையின் தலையைத் திருப்பி, அந்தக் காதை என் பக்கம் காட்டினாள்.